டிசம்பர் லீவுக்கு மெக்சிகோ கடற்கரை: பெரியவர்கள், குழந்தைகளோடு எந்த ஊர்?

குடந்தை மருமகள் (டாலஸ்) · 6 அக்டோபர் 2024

வணக்கம். பசங்களுக்கு டிசம்பர் 20 வெள்ளியோடு பள்ளிக்கூடம் மூடுகிறது, ஜனவரி முதல் வாரம் திறக்கிறது. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். இங்கே எங்கே போவதென்றாலும் கார், கடை, திரும்ப வீடு. மாமனார் வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு "இந்த ஊர்ல மனுஷா யாரும் நடக்கறதே இல்லையா?" என்கிறார். 74 வயசு, காலை நடை தவறினால் அன்றைக்கு முழுக்க சிடுசிடுப்பு. மாமியாருக்கு முழங்கால் தேய்மானம், படி ஆகாது. இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். பையனுக்கு 9, பெண்ணுக்கு 5. இரண்டும் தண்ணீரைக் கண்டால் விடாது.

மெக்சிகோ என்று முடிவாகிவிட்டது. கான்கூன் ரிசார்ட் என்கிறார் என் கணவர். எனக்கு ஊர் மாதிரி ஒரு ஊரில் வீடு எடுத்துத் தங்க ஆசை. சந்தை, தெரு, கோயில் வாசல், அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எல்லாம் பார்க்கலாமே. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளேனோ பாலாஜி · 6 அக்டோபர்

மேடம், சார் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு வயசானவங்க, ரெண்டு குட்டிங்க. ரிசார்ட்னா லிஃப்ட் இருக்கும், டாக்டர் இருப்பார், நீச்சல் குளம் இருக்கும், மூணு வேளைச் சாப்பாடு மேஜைக்கு வரும். கான்கூன் பக்கம் இந்தியக் கல்யாணங்கள் நிறைய நடக்குது, பெரிய ரிசார்ட் சமையல்காரங்களுக்குப் பருப்பு, பனீர் எல்லாம் அத்துப்படி. கரையில ஒதுங்கற சர்காசம் பாசியும் குளிர்காலத்துல பெரும்பாலும் தொல்லை பண்ணாது, அது மார்ச், ஏப்ரலுக்கு மேலதான்.

வாடகை வீடுன்னா என்ன ஆகும்னு நான் சொல்லட்டுமா? நீங்களும் மாமியாரும் அடுப்படியில நிப்பீங்க. லீவு மத்தவங்களுக்கு.

அலைக்காரன் (ஆஸ்டின்) · 7 அக்டோபர்

கான்கூன் ஓட்டல் வரிசை 1970களில் அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டியது. அங்கே மெக்சிகோவைத் தேட வேண்டும். பசிபிக் பக்கம் வாருங்கள். வஹாக்கா மாநிலத்தில் புவெர்த்தோ எஸ்கொந்தீதோ. டிசம்பரில் மழை கிடையாது, பகலில் 30 டிகிரி, திமிங்கிலங்கள் வரும். பக்கத்தில் மனியால்தெபெக் கழியில் நிலவில்லாத இரவில் படகில் போனால் கை வைத்த இடமெல்லாம் தண்ணீர் ஒளிரும். முன்பு வஹாக்கா நகரத்திலிருந்து மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் வாந்தியெடுத்துக்கொண்டு வருவோம். 2024 பிப்ரவரியில் புது நெடுஞ்சாலை திறந்தபிறகு மூன்று மணி நேரம்கூட ஆவதில்லை. டிசம்பர் 23 அன்று வஹாக்கா சதுக்கத்தில் முள்ளங்கியைச் செதுக்கிப் பொம்மை வைக்கும் திருவிழா, 1897இலிருந்து நடக்கிறது. அதையும் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்கலாம்.

ஒன்று மட்டும். சிக்கத்தேலா கரையில் கால்கூட நனைக்க வேண்டாம். உலகம் முழுவதிலிருந்தும் அலைச்சறுக்கு வீரர்கள் வரும் இடம், இழுத்துக்கொண்டு போய்விடும். குழந்தைகளுக்கு என்றால் கரிசலீயோ குடா, அமைதியாக இருக்கும்.

குடந்தை மருமகள் · 7 அக்டோபர்

தம்பி, ஆசையைக் கிளப்பிவிட்டீர்கள். ஆனால் அந்தக் குடாவுக்கு இறங்கப் படிக்கட்டு என்று எங்கோ படித்தேனே?

அலைக்காரன் · 7 அக்டோபர்

ஆமாம் அக்கா. 150க்கு மேல் இருக்கும். முழங்கால் விஷயத்தை நான் கவனிக்கவில்லை.

ஸ்கார்பரோ அண்ணை · 8 அக்டோபர்

தங்கச்சி, ஒருத்தரும் இன்னும் யுகாத்தான் மாநிலத்து வடக்குக் கரையைப் பற்றிச் சொல்லேல்லை, அதால நான் சொல்லுறன். ஓய்வெடுத்த பிறகு நானும் மனிசியும் வருசா வருசம் தை (எங்களுக்கு அது ஜனவரி) பிறந்த உடன ப்ரொக்ரேசோவுக்கு வெளிக்கிட்டிடுவம். பங்குனி, அதாவது மார்ச், முடியத்தான் கனடாவில ஸ்கார்பரோப் பனிக்குத் திரும்பிறது. மெரிடா நகரத்தில இருந்து நேர் வடக்கை 35 கிலோமீற்றர் அளவில. டாலஸில இருந்து மெரிடாவுக்கு நேரடி விமானம் இருக்கு.

இந்தக் கடல் உங்கட அலைக்காரத் தம்பிக்குப் பிடிக்காது. அலை இல்லை. கனதூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்பளவுதான். அதாலதான் கப்பல் கரைக்குக் கிட்ட வரேலாமல் கடலுக்குள்ள ஆறரைக் கிலோமீற்றருக்குப் பாலம் போட்டு வைச்சிருக்கினம், உலகத்திலயே நீளமான துறைமுகப் பாலங்களில ஒண்டு. ஐந்து வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் நான் காணேல்லை. கரையோட மலெகோன் எண்டு நடைபாதை, சமதரை, ஒரு படியும் இல்லை. விடியக் காலமை மாமா தன்ரபாட்டில நடக்கலாம். அந்த நேரம் உள்ளூர்ச் சனமும் நடக்கும், ஆளையாள் கண்டால் வணக்கம் சொல்லாமல் போகாயினம்.

இன்னொரு விசயம். மெரிடாச் சனம் கடற்கரைக்கு வாறது ஆடி, ஆவணியில. அப்பதான் அவைக்குக் கோடை லீவு. குளிர்காலத்தில அதே வீடுகள் சும்மா கிடக்கும், எங்களைப்போலக் கனடாக்காரர் மாசக் கணக்கில எடுக்கிறது. நத்தார் (கிறிஸ்துமஸ்), புதுவருசக் கிழமை மட்டும் விலை ஏறும், ஆனால் கான்கூன் ஏற்றம் இல்லை.

பிளேனோ பாலாஜி · 8 அக்டோபர்

அண்ணே, மரியாதையோட ஒரு கேள்வி. நோர்தே காத்தைப் பத்தி ஏன் சொல்லலை? நாங்க ஒரு தடவை மெரிடா போனப்ப ப்ரொக்ரேசோ பார்க்கலாம்னு போனோம். கடல் சாம்பல் நிறம், மண் முகத்துல அடிக்குது, ஒரு படகு ஓடலை. தண்ணியும் கான்கூன் மாதிரி நீலம் கிடையாது.

ஸ்கார்பரோ அண்ணை · 9 அக்டோபர்

உண்மை. மறைக்கேல்லை, அடுத்ததாச் சொல்ல இருந்தனான்.

ஐப்பசிக்குப் பிறகு மாசி வரைக்கும் நோர்தே வரும். வட அமெரிக்கச் சமவெளியில இருந்து குளிர்காத்து கீழை இறங்கி, மெக்சிகோ குடாவைத் தாண்டி நேரை எங்கட கரையில மோதும். ரெண்டு மூண்டு நாள் நிக்கும். துறைமுகத்தைச் சின்னப் படகுகளுக்கு மூடுவினம். இரவில 17, 18 டிகிரிக்கு இறங்கும், உள்ளூர்க்காரர் கம்பளிச்சட்டையோட திரிவினம், கனடாக்காரர் அரைக் காற்சட்டையோட நிப்பினம். தங்கச்சிக்கு ஒரு வசதி இருக்கு. டாலஸில திடீரெண்டு குளிர் இறங்கினால் அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ அது எங்களிட்ட வரும். டாலஸ் வானிலை பாத்தே ப்ரொக்ரேசோவில என்ன நடக்கும் எண்டு சொல்லலாம்.

அந்த நாளுக்குத்தான் உள்நாடு இருக்கு. மெரிடாச் சந்தை, மாயர் காலத்து உஷ்மால் கோயில்கள், கிணறு மாதிரி செனோத்தே. காத்து அடிக்கிற அண்டைக்குக் கடலைப் பாத்துக்கொண்டு குந்தியிருந்தால் பிழை உங்களிலதான்.

நீலம் பற்றி: இது பச்சைக் கடல். நீலம் வேணுமெண்டால் கான்கூனுக்குத்தான் போகவேணும், அதில பாலாஜி சொல்லுறது சரி.

பையனுக்கு 9 வயசு எண்டபடியால் இதையும் சொல்லுறன். ப்ரொக்ரேசோவுக்குக் கிழக்கை ஒட்டின ஊர் சிக்சுலூப். 6.6 கோடி வருசத்துக்கு முந்தி டைனோசர்களை முடிச்ச விண்கல் விழுந்த பள்ளத்துக்கும் சிக்சுலூப் எண்டுதான் பேர். பள்ளம் 180 கிலோமீற்றர் அகலம் வரும், பாதி கடலுக்குக் கீழை, பாதி நிலத்துக்குக் கீழை. மேலை நிண்டு பாத்தால் ஒண்டும் தெரியாது, சுண்ணாம்புக்கல் மூடிப்போட்டுது. 1970களில எண்ணெய் தேடப் போய்த்தான் பிடிச்சவை. ஆனால் வரைபடத்தில செனோத்தேகளைப் புள்ளி வைச்சுப் பாருங்கோ. மெரிடாவைச் சுத்தி அரைவட்டமா வரும். அதுதான் பள்ளத்தின்ர விளிம்பு.

குடந்தை மருமகள் · 9 அக்டோபர்

அண்ணா, கடைசிப் பத்தியைப் பையனிடம் படித்துக் காட்டியது வினையாகிவிட்டது. இப்போது இந்த வீட்டில் வேறு ஊர்ப் பெயரே எடுக்க முடியவில்லை.

விசா வேல் (ஹூஸ்டன்) · 10 அக்டோபர்

ஊர் பார்ப்பதற்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் வேண்டாம். மாமனார் மாமியாரின் பி1/பி2 (வருகையாளர்) விசா பாஸ்போர்ட்டில் உயிரோடு இருந்தால் போதும். கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இதே சலுகை.

சிக்கல் உங்கள் கணவருடையது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய எச்1பி வேலை விசா (ஸ்டாம்ப்) காலாவதியாகி, ஐ-797 என்ற ஒப்புதல் தாள் மட்டும் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். "முப்பது நாளுக்குள் மெக்சிகோ போய்வந்தால் பழைய ஸ்டாம்பே போதும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். அது அமெரிக்காவுக்குள் திரும்பி வருவதற்கான விதி. மெக்சிகோவுக்குள் நுழைய அது உதவாது. அவர்களுக்குச் செல்லுபடியாகும் ஸ்டாம்ப் வேண்டும், இல்லையென்றால் மெக்சிகோ விசா எடுக்க வேண்டும். விமானத்தில் ஏற்றும்போதே கேட்பார்கள்.

இன்னொன்று, பெரியவர்களுக்கு. மெக்சிகோ போய்வந்தால் அமெரிக்காவில் தங்குவதற்குப் புதிதாக ஆறு மாதம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய ஐ-94 தேதியையே (எதுவரை தங்கலாம் என்று முதலில் வந்தபோது தந்த தேதி) தொடரச் சொல்லலாம்.

கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமம்) வைத்திருக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு: மெக்சிகோ விசா வேண்டாம்தான், ஆனால் அமெரிக்க விமான நிலையத்தில் மாறிப் போவதானால் அமெரிக்க விசா கேட்பார்கள். நேரடி விமானமாகப் பாருங்கள்.

குடந்தை மருமகள் · 10 அக்டோபர்

ஸ்டாம்ப் 2026 வரை இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். நன்றி சார்.

சும்மா ஒருவன் · 11 அக்டோபர்

இவ்வளவு தலைவலிக்கு ஃப்ளோரிடா போனால் என்ன?

பிளேனோ பாலாஜி · 11 அக்டோபர்

டிசம்பர்ல அந்தக் கடல்ல கால் வெச்சுப் பாருங்க, தெரியும்.

கடுகு தாளிப்பு (சிகாகோ) · 12 அக்டோபர்

சைவச் சாப்பாடு பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. நான் மூன்று தலைமுறைச் சைவக் குடும்பத்தோடு யுகாத்தான் சுற்றியவள், கேளுங்கள்.

மெக்சிகோவில் கறி கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். தெரியாமல் உள்ளே இருப்பது மாந்தேகா, அதாவது பன்றிக் கொழுப்பு. மசித்த பீன்ஸில் இருக்கும், தமால் என்ற சோள மாவுக் கொழுக்கட்டையில் மாவோடு பிசைந்திருப்பார்கள், கோதுமை தோர்த்தியாவிலும் (அவர்கள் ஊர்ச் சப்பாத்தி) சில பேக்கரி ரொட்டிகளிலும் இருக்கும். சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்தது. "நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மேலே தூவிய கறியை எடுத்துவிட்டுத் தருவார்கள், நல்ல மனதோடுதான். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மாந்தேகா, சின் கால்தோ தெ போயோ" என்று முழுசாகச் சொல்லுங்கள்: கறி, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு, கோழித் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்று பொருள். ஒரு அட்டையில் எழுதி மாமனார் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது மக்காச்சோளத் தோர்த்தியா. சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து அரைத்த மாவு, வேறு ஒன்றும் கிடையாது. தோர்த்தியேரியா கடையில் கிலோ கணக்கில் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள யுகாத்தானுக்கே உரிய சிக்கில் பாக்: வறுத்த பூசணி விதை, சுட்ட தக்காளி, கொத்தமல்லி, ஹபனேரோ மிளகாய். நம் வீட்டுத் துவையலேதான், தாளிக்காத குறை. வெளியில் வாங்கினால் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாப்பட்சூலேஸ் என்று ஒன்று சைவம் என்று தருவார்கள், உள்ளே அவித்த முட்டை, உங்களுக்கு ஆகாது. சாலையில் மார்க்கெசீத்தா வண்டி நிற்கும், மொறுமொறு சுருளுக்குள் சீஸ் துருவிப் போடுவார்கள். மாவில் முட்டை உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பெரியவர்களிடம் பேச்சை மாற்றிவிடுங்கள்.

ஹபனேரோவை நம் ஊர்ப் பச்சைமிளகாய் என்று நினைத்துக் கடித்து வீரம் காட்ட வேண்டாம். என் அண்ணன் காட்டினான்.

புளி, தேங்காய், வாழைக்காய், கொத்தமல்லி எல்லாம் சந்தையில் கிடைக்கும். துவரம் பருப்புதான் கிடைக்காது, மசூர் மாதிரி லெந்தேகா வைத்துச் சமாளிக்கலாம். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, 20 லிட்டர் கேன் வீட்டுக்கே வரும்.

பிளேனோ பாலாஜி · 12 அக்டோபர்

அதான் சொன்னேன். சட்டைப்பையில அட்டை, கையில லெந்தேகா. ரிசார்ட்ல இது எதுவும் வேண்டாம்.

கடுகு தாளிப்பு · 12 அக்டோபர்

பஃபேயில் பீன்ஸ் தட்டுக்கு முன்னால் நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடம் கேட்பீர்கள் பாலாஜி? தெருக்கடை அம்மாவிடம் கேட்டால் சட்டியைத் திறந்தே காட்டுவாள்.

சுமதி_ஆர் · 13 அக்டோபர்

பாதுகாப்பு எப்படி? வீட்டில் மெக்சிகோ என்றாலே பயப்படுகிறார்கள்.

விசா வேல் · 13 அக்டோபர்

அமெரிக்க அரசு மாநிலவாரியாகத் தரம் பிரித்து எச்சரிக்கை போடுகிறது. மொத்தமாக "மெக்சிகோ" என்று படிக்காதீர்கள். யுகாத்தான் மாநிலம் 1ஆம் நிலையில் இருக்கிறது, வழக்கமான கவனம் போதும் என்று பொருள். கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ 2. புவெர்த்தோ வயார்த்தா இருக்கும் ஹலிஸ்கோ 3. அகபூல்கோ இருக்கும் கெர்ரேரோ 4. கிளம்புவதற்கு முன்னால் அன்றைய நிலையை மறுபடி பாருங்கள்.

ஸ்கார்பரோ அண்ணை · 13 அக்டோபர்

எங்கட கரையில பயப்பிட வேண்டியது களவை விட வெய்யில். அதோட தோப்பே. றோட்டில வேகத்தடை. ஊருக்குள்ள போற இடமெல்லாம் கிடக்கும், இரவில கண்ணுக்குத் தெரியாது, காரின்ர அடி கழண்டிடும்.

குடந்தை மருமகள் · 20 அக்டோபர்

முடிவாகிவிட்டது. ப்ரொக்ரேசோ. மலெகோனிலிருந்து இரண்டு தெரு உள்ளே, தரைத்தளம், சமையலறையோடு ஒரு வீடு. டிசம்பர் 21 போய் ஜனவரி 4 திரும்புகிறோம். பாலாஜி சார் சொன்ன அடுப்படி விஷயத்துக்கும் தீர்வு உண்டு: காலைச் சமையல் கணவர் பொறுப்பு. எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஸ்கார்பரோ அண்ணை · 20 அக்டோபர்

நல்லது. வீட்டுக்காரரிட்ட சுவரில எத்தனை ஹமாக்கா (வலை ஊஞ்சல்) கொளுக்கி இருக்கெண்டு கேளுங்கோ. சிரிக்காதேங்கோ, கேளுங்கோ.

அலைக்காரன் · 8 ஜனவரி 2025

அக்கா திரும்பியாச்சா? என்ன ஆச்சு?

குடந்தை மருமகள் · 9 ஜனவரி 2025

திரும்பிவிட்டோம். துணி துவைத்து முடிக்கவே இவ்வளவு நாள். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொளுக்கி. ஒவ்வோர் அறையிலும் எதிரெதிர்ச் சுவரில் இரும்புக் கொளுக்கி பதித்திருந்தார்கள், கூடத்தில் மட்டும் நான்கு ஜோடி. யுகாத்தானில் பல பேர் கட்டிலில் படுப்பதில்லையாம். சந்தையில் ஒரு பெரிய ஹமாக்கா வாங்கினோம். நேராகப் படுத்தால் முதுகு வளையும், குறுக்கே சாய்வாகப் படுக்க வேண்டும் என்று கடைக்காரரே படுத்துக் காட்டினார். மாமியார் முதல் நாள் தொடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மத்தியானம் அது அவருடையது, மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

கடல் அண்ணா சொன்னது போலவே. பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் நாங்கள் கரையில் உட்கார்ந்து பேச முடிந்தது. கரையோரம் கடற்புல் ஒதுங்குகிறது, குத்துகிற சிப்பியும் உண்டு, ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள். பெரிய பயணிகள் கப்பல் வருகிற நாளில் மலெகோன் திருவிழாக் கூட்டம், அன்றைக்கு எல்லாவற்றுக்கும் விலை கூட. கப்பல் வரும் தேதிகளை முன்னாலேயே பார்த்து அந்த நாட்களில் வெளியூர் போய்விட்டோம்.

நோர்தேயும் வந்தது. டாலஸ் தோழி "இங்கே திடீரென்று குளிர்" என்று செய்தி அனுப்பினாள், மறுநாள் ராத்திரி இங்கே ஜன்னல் கதவு அடிக்க ஆரம்பித்தது. வீட்டில் ஹீட்டர் கிடையாது, போர்வை மெல்லிசு. ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், இது சுற்றுலாப் படங்களில் தெரியாது. அந்த நாட்களில் உஷ்மால் போனோம். இன்னும் பெயர்பெற்ற சிச்சேன் இட்சா கோயில்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். வெளிநாட்டவருக்கு 600 பேசோவுக்கு மேல் டிக்கெட், விடுமுறைக் கூட்டம் வேறு. உஷ்மாலில் மாமியார் நிழலில் உட்கார இடம் இருந்தது, பையன் உடும்புகளை எண்ணிக்கொண்டு திரிந்தான்.

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது எல் கோர்ச்சீத்தோ. ப்ரொக்ரேசோ ஓரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் இருக்கும் குளங்கள். சின்னப் படகில் இரண்டு நிமிடம். அங்கே கோத்தி என்று நீள மூக்குப் பிராணி, ரக்கூன் எல்லாம் கூட்டமாகத் திரிகின்றன. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தால் போச்சு. ஒரு கோத்தி எங்கள் பையின் ஜிப்பை மூக்காலேயே திறந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மணப்பாறை முறுக்கு. மாமனார் அதிகம் வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அவர் குஷியாக இருந்தது செலெஸ்தூனில். மெரிடாவுக்கு மேற்கே, கழிமுகத்தில் படகில் போய்ப் பூநாரை பார்ப்பது. அவருடைய சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், சின்ன வயதிலிருந்து கோடியக்கரைப் பூநாரைகளைப் பார்த்தவர். "நம்மூர்ல வெளுப்பா, ஓரத்துலதான் ரோஸ் இருக்கும். இது என்ன, பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு?" என்று படகுக்காரரிடம் தமிழிலேயே கேட்டார். இது வேறு இனம், அமெரிக்கப் பூநாரை, உடம்பு முழுக்கச் சிவப்பு. படகுக்காரர் பறவைகளிடமிருந்து தள்ளியே இன்ஜினை அணைத்துவிட்டார், கிட்டே போகச் சொல்லிக் கெஞ்சிய இன்னொரு குடும்பத்திடம் முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸ். டிசம்பர் 16இலிருந்து 24 வரை தினமும் சாயங்காலம் போசாதா. மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி அலைந்ததை நடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள், கடைசி வீட்டில் கதவு திறந்து சாப்பாடு. எதிர்வீட்டு அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்ட ஏழு முனை நட்சத்திரப் பிஞ்ஞாத்தாவைக் கண்ணைக் கட்டி அடித்ததில் எங்கள் பெண் அடித்த அடி பிஞ்ஞாத்தாவில் படவில்லை, அவள் அப்பா மேல் பட்டது. சாப்பாடு வந்தபோது மாமனார் அட்டையை எடுத்து நீட்டினார். அந்த அம்மா முழுசாகப் படித்துவிட்டு, தமாலை நகர்த்தி வைத்துவிட்டு, தோர்த்தியாவும் அவகாடோவும் சிக்கில் பாக்கும் கொண்டுவந்தார். மறுநாள் மாமியார் தேங்காய்ச் சாதம் செய்து அனுப்பினார். அதற்கு மறுநாள் பாத்திரம் நிறைய எலுமிச்சம்பழம் திரும்பி வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நாங்கள் கிளம்பும் வரை ஓயவில்லை, யாருக்கும் யார் மொழியும் தெரியாது.

டிசம்பர் கடைசியில் பல வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, பழைய சட்டை, தொப்பி மாட்டிய பொம்மைக் கிழவனை உட்கார வைக்கிறார்கள். பழைய வருஷமாம். பிள்ளைகள் அதைக் காட்டிக் காசு கேட்கிறார்கள், 31 நள்ளிரவில் வெடி வைத்துக் கொளுத்துகிறார்கள். மாமனார் காலை நடையில் அதில் ஒருவருக்கு இரண்டு நாள் வணக்கம் சொல்லியிருக்கிறார். பதில் சொல்லாத திமிர் பிடித்தவர் என்று எங்களிடம் புகார் வேறு.

ஒரே கசப்பு வாடகைக் கார். இணையத்தில் நாளைக்குச் சொற்பத் தொகை காட்டி, கவுன்டரில் போனதும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று பில்லை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். கட்டாயம் என்பது உண்மைதான், அமெரிக்கக் கிரெடிட் கார்டு காப்பீட்டில் அது பொதுவாக வராது. ஆனால் பதிவு செய்யும்போதே காட்டினால் என்ன? கம்பெனி பெயர் வேண்டாம். காப்பீட்டோடு சேர்த்த முழுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். உள்ளூரில் கார் தேவையே படவில்லை, மெரிடாவுக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது.

பிளேனோ பாலாஜி · 9 ஜனவரி

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஹீட்டர் இல்லை, முறுக்கு போச்சு, கார்ல காசு போச்சு. இருந்தாலும் சார் நிஜமாவே காலையில சமைச்சாரா?

குடந்தை மருமகள் · 9 ஜனவரி

உப்புமா. தினமும் உப்புமா.

சுமதி_ஆர் · 10 ஜனவரி

நாங்கள் பிப்ரவரி கடைசியில் போகலாமா என்று பார்க்கிறோம். அப்போதும் அந்தக் காற்று இருக்குமா? நாங்கள் அசைவம், மீன் பிரியர்கள்.

ஸ்கார்பரோ அண்ணை · 10 ஜனவரி (ப்ரொக்ரேசோவிலிருந்து)

இருக்கும், ஆனால் குறையும். பங்குனியில வெய்யில் ஏறத் தொடங்கிடும், கடலும் தெளியும். வீடு பாக்கேக்க செலெம், சிக்சுலூப் பக்கம் கடலோட ஒட்டின வீடெண்டால் போன மாசம் எடுத்த படம் கேளுங்கோ. கனக்க இடத்தில கடல் மணலை அரிச்சுப் போட்டுது, விளம்பரத்தில பழைய மணல்தான் இருக்கும்.

மீன் விசயம்: மாசி, பங்குனி (பெப்ரவரி, மார்ச்) ரெண்டு மாசமும் மேரோ எண்ட மீன் பிடிக்கத் தடை. அப்ப கடையில மேரோ எண்டு தந்தால் அது ஃப்ரீசர் மீன், இல்லாட்டி வேற மீன். ஒக்டோபஸ் பிடிக்கிற காலமும் மார்கழி (டிசம்பர்) 15 ஓட முடிஞ்சிடும். அண்டைக்கு வந்த மீன் என்னவெண்டு கேட்டு, அதில திக்கின் ஷிக் செய்து தரச் சொல்லுங்கோ. அச்சியோத்தே எண்ட சிவப்பு விதைச் சாந்து பூசி வாழையிலையில சுத்திச் சுட்டுத் தருவினம். ரெண்டு பேருக்கு ஒரு மீன் காணும்.